எலிவாலைப் பிடித்த எழுத்தாளர்கள்

"எழுதுகிறவனுக்கு எதற்கு இந்த வித்தையெல்லாம்? அது கணனிப் பொறியியலாளர்களின் சமாசாரம்." விம் என்னும் உரைத்தொகுப்பியைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் சக பத்திரிகையாளர்கள் முதலில் சொல்வது இதைத்தான். அடுத்ததாக ஒரு சிரிப்பு வரும். அதன் பிறகு, அந்த மென்பொருளுக்குள் போனவன் வெளியே வரும் வழி தெரியாமல் தவித்தான் என்ற பழைய பகிடி வரும். அந்தப் பகிடியிலும் உண்மை இருக்கின்றது. நிரலாளர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்ராக் ஓவர்ஃப்ளோ தளத்தில் "விம்மிலிருந்து எப்படி வெளியேறுவது?" என்ற ஒரு கேள்வியைப் பத்து இலட்சம் தடவைகளுக்கு மேல் பார்த்திருந்தார்கள் என்று 2017ஆம் ஆண்டு மே மாதம் அத்தளமே அறிவித்தது. விடை ஒரு வரிதான்: எஸ்கேப் விசை, முக்காற்புள்ளி, 'கியூ', ஆச்சரியக்குறி, என்ரர். அடித்ததைச் சேமிக்காமல் வெளியே வந்துவிடலாம். பகிடி அதோடு முடிந்தது. விடயத்துக்கு வருவோம்.

எனது வாதம் இதுதான். விசைப்பலகையை மட்டும் கொண்டு உரையைத் திருத்தும் கலை நிரலாளர்களின் தனிச்சொத்து அன்று. அது அடிப்படையில் செம்மைப்படுத்துகின்றவனின் கலை. அதனை அவர்களுக்குத் தாரைவார்த்துவிட்டு, எலியின் வாலைப் பிடித்தபடி திரையெங்கும் அலைந்து கொண்டிருப்பவர்கள் நாங்கள்தான். தமிழ் எழுத்தின் உள்ளமைப்பைக் கண்ணால் பார்க்கத் தெரியாத ஊடகவியலாளர் தலைமுறை ஒன்று இதனால் உருவாகியிருக்கின்றது. அதன் விலையை நமது ஆவணங்கள் கொடுக்கப் போகின்றன.

ஒரு முன்குறிப்பு. இக்கட்டுரையில் விசைகளின் பெயர்களை ஒலிப்படி தமிழிலேயே எழுதுகின்றேன். சிறிய எழுத்து என்றே கொள்க. பெரிய எழுத்தானால் தனியே சொல்வேன்.

முதலில் குறை சொல்ல வேண்டியது விம்மின் ஆதரவாளர்களையே. "யாரும் அறியாத நூறு குறுக்குவழிகள்", "நீங்கள் கேள்விப்படாத ஐம்பது தந்திரங்கள்" என்று பட்டியல் போட்டு இந்தக் கருவியை ஒரு மாயாஜால வித்தையாக்கி வைத்திருப்பவர்கள் அவர்கள்தான். ஒரு மொழியைக் கற்க வந்தவனிடம் அகராதியைத் தூக்கிக் கொடுத்து மனனம் செய்யச் சொன்னால் அவன் ஓடாமல் என்ன செய்வான்? விம்முக்கு ஓர் இலக்கணம் உண்டு. இலக்கணம் பிடிபட்டால் "தந்திரம்" என்று சொல்லப்படுபவற்றில் முக்கால்வாசி தாமாகவே விளங்கிவிடும்.

அந்த இலக்கணம் ஏன் அப்படி அமைந்தது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கின்றது. 1976ஆம் ஆண்டளவில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த பில் ஜோய், 'வி.ஐ.' என்னும் தொகுப்பியை உருவாக்கினார். பிற்காலத்தில் சன் மைக்ரோசிஸ்ரம்ஸ் நிறுவனத்தின் நிறுவுநர்களுள் ஒருவரானவர் அவர். அவர் பயன்படுத்திய ஏ.டி.எம். 3ஏ என்ற முனையத்தின் விசைப்பலகையில் தனியான அம்புக்குறி விசைகள் கிடையா. 'எச்', 'ஜே', 'கே', 'எல்' ஆகிய விசைகளின் மேலேயே அம்புக்குறிகள் பொறிக்கப்பட்டிருந்தன. இன்று விம்மில் இடம், கீழ், மேல், வலம் என நகர்வதற்கு அந்நான்கு விசைகளும் பயன்படுவதற்குக் காரணம் அதுவே. இன்றைய விசைப்பலகையில் ராப் விசை உள்ள இடத்தில் அன்று எஸ்கேப் விசை இருந்தது. சுண்டுவிரலை நீட்டினால் எட்டிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வீட்டிலிருந்து தொலைபேசிக் கம்பியூடாக 300 போட் வேகத்தில் வேலை செய்த காலம் அது. செக்கனுக்கு ஏறக்குறைய 30 எழுத்துகள். வரிக்கு 80 எழுத்துகளாக 24 வரிகள் கொண்ட திரையை முழுவதும் நிரப்ப ஒரு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். அந்நிலையில் ஒவ்வோர் அழுத்தலும் பெறுமதி வாய்ந்தது. குறைந்த சொல்லில் நிறைந்த பொருள் என்ற கட்டாயம் அங்கே இயல்பாகவே ஏற்பட்டது. தந்திக் கட்டணத்துக்குப் பயந்து செய்தி எழுதிய நிருபர்களுக்கு இது நன்றாகவே விளங்கும்.

நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலனார் இதே மரபில் அமீகா கணனிக்காக ஆக்கிய விம், 1991ஆம் ஆண்டு நவம்பரில் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. விலை கிடையாது. பயன் கண்டவர்கள் உகண்டாவின் கிபாலே பகுதிச் சிறுவர்களுக்கு உதவுங்கள் என்பதே அவரது வேண்டுகோள். கோப்பு எதுவுமின்றி விம்மைத் திறந்தால் இன்றும் முதற்றிரையில் அந்த வேண்டுகோள் நிற்கும். 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் 3ஆம் திகதி அவர் காலமானார். முப்பதாண்டுகளுக்கு மேல் ஒரே கருவியைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த மனிதர். மாதந்தோறும் சந்தா கட்டாவிட்டால் நமது கட்டுரையையே நமக்குத் திறந்து காட்ட மறுக்கும் மென்பொருள்களோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுப்பை வாசகர்களிடம் விட்டுவிடுகின்றேன்.

சரி, இலக்கணம் என்ன? வினையும் பெயரும். அவ்வளவுதான். 'டி' என்றால் அழி. 'சி' என்றால் மாற்று. 'ஒய்' என்றால் பிரதியெடு. இவை வினைகள். 'டபிள்யூ' சொல், 'எஸ்' வாக்கியம், 'பி' பந்தி. இவை பெயர்கள். இரண்டுக்கும் நடுவே 'ஐ' வந்தால் "உள்ளே". 'ஏ' வந்தால் "சுற்றிலும் சேர்த்து". எனவே 'டி, ஏ, எஸ்' என்று அடித்தால் நிற்கின்ற வாக்கியம் அடுத்துள்ள இடைவெளியோடு சேர்ந்து மறையும். 'சி, ஐ' என்று அடித்து இரட்டை மேற்கோளை அடித்தால், அந்த வரியிலே மேற்கோளுக்குள் இருப்பது மட்டும் நீங்கி, புதிதாக எழுத இடம் திறக்கும். மேற்கோள் குறிகள் அப்படியே இருக்கும். அடைப்புக்குறியை அடித்தால் அடைப்புக்குள் இருப்பது. பந்தியைப் பிரதியெடுக்க 'ஒய், ஏ, பி'. மூன்று வினை, மூன்று பெயர், இரண்டு இடைச்சொல். பதினெட்டுக் கட்டளைகள் கைக்கு வந்துவிட்டன. மனனம் செய்தது எட்டு எழுத்துகளை மட்டுமே. நான்காவதாக ஒரு வினையைக் கற்றால் மேலும் ஆறு கட்டளைகள் இலவசம். பட்டியல் போடுகின்றவர்கள் இதனைச் சொல்வதில்லை.

இப்போது ஆசிரிய பீடத்து மேசைக்கு வருவோம். உதவி ஆசிரியர் ஒருவரின் நாளைக் கூர்ந்து கவனித்தவர்களுக்குத் தெரியும்: அவர் புதிதாகத் தட்டச்சுச் செய்யும் நேரம் சொற்பம். பெரும்பகுதி நேரம் வாசிப்பது, வெட்டுவது, இடம் மாற்றுவது, சொல்லைத் திருத்துவது. நிருபர் அனுப்பிய செய்தியின் ஏழாம் பந்தியில் ஒளிந்திருக்கும் விடயத்தை முதலாம் பந்திக்குக் கொண்டுவருவது. இந்த வேலைகள் நடக்கும்போது விசைப்பலகையின் எழுத்து விசைகள் எல்லாம் சும்மா கிடக்கின்றன. சும்மா கிடக்கும் அவ்விசைகளை வெட்டுக்கத்தியாகவும் இடுக்கியாகவும் மாற்றிக் கொடுப்பதே விம்மின் அடிப்படைத் தத்துவம். எழுதும்போது ஒரு நிலை, திருத்தும்போது இன்னொரு நிலை. ஆகவேதான் சொல்கின்றேன், இது செம்மைப்படுத்துகின்றவனுக்காகவே செய்தது போன்ற கருவி என்று.

அதிகம் பேர் அறியாத சிலவற்றை, மேசைத் தேவையோடு சேர்த்தே சொல்கின்றேன்.

நீதிமன்றச் செய்தி ஒன்றில் நிருபர் "குற்றவாளி" என்று எழுதிவிட்டார். தீர்ப்பு வரவில்லை. "சந்தேகநபர்" என்று மாற்ற வேண்டும். ஆனால் அதே செய்தியில் முன்னரே தண்டனை பெற்ற இன்னொருவரும் வருகின்றார். அவரைக் குறிக்கும் இடம் மாறக்கூடாது. "அனைத்தையும் மாற்று" என்ற பொத்தானை அழுத்துகின்றவன் இங்கே அவதூறு வழக்குக்கும் அபத்தத்துக்கும் ஒரே நேரத்தில் கதவைத் திறக்கின்றான். அத்துடன் "குற்றவாளியை" என்பது "சந்தேகநபர்யை" என்று வந்து நிற்கும். வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டி நிற்கும் தமிழிலே, குருட்டுத்தனமான மொத்த மாற்றம் பெரும்பாலும் பிழை. விம்மில் சாய்கோடு அடித்து "குற்றவாளி" என்று தேடுங்கள். முதலாவது இடத்தில் 'சி, ஜி, என்' அடித்துப் புதிய சொல்லை எழுதி எஸ்கேப் அழுத்துங்கள். அதன்பின் 'என்' அடித்தால் அடுத்த இடம். மாற்ற வேண்டுமானால் ஒரு முற்றுப்புள்ளி. வேண்டாமெனில் மீண்டும் 'என்'. உருபு ஏற்ற இடமானால் கையால் திருத்திவிட்டு அப்பால் போகலாம். முற்றுப்புள்ளி என்பது "கடைசியாகச் செய்ததைத் திரும்பச் செய்" என்ற கட்டளை. விம்மின் மிகப் பெறுமதியான விசை எதுவென்று கேட்டால் அதைத்தான் காட்டுவேன். ஒவ்வோர் இடத்திலும் தீர்மானம் மனிதனுடையது. உழைப்பு மாத்திரம் பொறியினுடையது. செம்மையாக்கம் என்பதற்கு இதைவிட நல்ல வரைவிலக்கணம் எனக்குத் தெரியாது.

அடுத்தது, வெட்டியதை மீட்பது. சாதாரண எழுத்துச் செயலிகளில் பல படிகள் பின்னே போய், ஒரேயோர் எழுத்தை அடித்தாலும் போதும். முன்னே இருந்தவை பெரும்பாலும் போய்விடும். விம் அப்படி எதனையும் எறிவதில்லை. 2006ஆம் ஆண்டு வந்த 7ஆம் பதிப்பிலிருந்து மாற்றங்கள் யாவும் கிளைவிட்ட மரமாகச் சேமிக்கப்படுகின்றன. முக்காற்புள்ளி இட்டு 'ஏர்லியர் 10எம்' என்று ஆங்கிலத்தில் அடித்தால், பத்து நிமிடங்களுக்கு முன்பு கட்டுரை எப்படி இருந்ததோ அப்படியே வந்து நிற்கும். 'லேற்றர்' என்று அடித்தால் மீண்டும் முன்னே செல்லலாம். 2010ஆம் ஆண்டின் 7.3 பதிப்பிலிருந்து, உரிய தெரிவை இயக்கி வைத்தால், கோப்பை மூடித் திறந்த பின்னரும் இந்த வரலாறு அழியாது. "நான் எழுதியது இதுவல்ல, மேசையிலே மாற்றிவிட்டார்கள்" என்ற சண்டை நடக்காத ஆசிரிய பீடம் உண்டா? யார் எந்த வரியை வெட்டினார் என்று நிரூபிக்க இது சாட்சியாகாது என்றாலும், வெட்டிய வரியை மீட்க நிச்சயம் உதவும்.

வெட்டிய துண்டுகளும் அப்படியே. ஒரு வரிக்குக் குறையாமல் வெட்டிய கடைசி ஒன்பது துண்டுகளை விம் ஒன்று முதல் ஒன்பது வரை இலக்கமிட்டு வைத்திருக்கும். இரட்டை மேற்கோள், 1, 'பி' என்று அடித்தால் கடைசியாக வெட்டியது வரும். அது வேண்டியது இல்லையா? 'யு' அடித்து நீக்கிவிட்டு முற்றுப்புள்ளி அடியுங்கள். இரண்டாவது துண்டு வரும். மீண்டும் 'யு', மீண்டும் புள்ளி. இழுப்பறையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது போல.

கட்டுரையின் நடுவே எழுதிக் கொண்டிருந்தவர் மேலே போய்த் தலைப்பைப் பார்த்துவிட்டு விட்ட இடத்துக்குத் திரும்ப 'ஜி, ஐ'. கடைசியாகத் திருத்திய இடங்களுக்கு ஒவ்வொன்றாகப் பின்னோக்கிச் செல்ல 'ஜி' யும் அரைப்புள்ளியும். முன்பு தெரிவு செய்த பகுதியை மறுபடி தெரிவு செய்ய 'ஜி, வி'. சொற்களின் எண்ணிக்கை தெரிய வேண்டுமா? 'ஜி' அடித்துப் பின்னர் கொன்ட்ரோலோடு 'ஜி'. இத்தனையாவது வரி, இத்தனையாவது சொல் என்று கீழே காட்டும்.

தேர்தல் முடிவுகள் வரும் இரவை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் 22 தேர்தல் மாவட்டங்கள், 160 வாக்கெடுப்புப் பிரிவுகள். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் பெயரை முன்னே போட்டு, வாக்குகளைப் பின்னே தள்ளி, நடுவே கோடிட வேண்டும். 'கியூ, ஏ' என்று அடித்துவிட்டு முதல் வரியில் அந்த வேலையைச் செய்து அடுத்த வரிக்கு இறங்கி 'கியூ' அடியுங்கள். நீங்கள் அழுத்திய விசைகள் யாவும் பதிவாகிவிட்டன. இனி 159 என்று அடித்து, அற் குறியையும் 'ஏ'யையும் அழுத்தினால் மிகுதி வரிகள் கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும். விடிய விடியக் கண்விழித்து, அறுபதாவது வரியில் கை தவறி இரண்டு கட்சிகளின் வாக்குகளை மாற்றிப் போட்டுவிட்டு, மறுநாள் திருத்தம் வெளியிடுவது பத்திரிகைத் தியாகம் அன்று. தவிர்க்கக்கூடிய அறியாமை.

இனி, தமிழுக்கு வருகின்றேன். எனது கோபத்தின் வேர் இங்கேதான் இருக்கின்றது.

"விம்மில் தமிழ் எழுத முடியாது" என்பார்கள். இதிலே பாதி நியாயம் உண்டு. இயங்குதளத்தின் தமிழ் விசைப்பலகையை இயக்கி வைத்துக்கொண்டு 'டி' விசையை அழுத்தினால் கட்டளைக்குப் பதிலாக ஒரு தமிழ் எழுத்துப் போய் நிற்கும். விம்முக்கு ஒன்றும் விளங்காது. ஆனால் இதற்கான பரிகாரம் விம்முக்குள்ளேயே இருக்கின்றது. 'கீமப்' என்ற தெரிவின் மூலம், எழுதும் நிலையில் மட்டும் தமிழும், கட்டளை நிலையில் ஆங்கிலமுமாக அமைத்துக்கொள்ளலாம். எழுதும்போதே இரண்டுக்கும் இடையே மாற கொன்ட்ரோலோடு 6. டிஸ்கிக் குறிமுறைக்கான தமிழ் விசைவரைபடம் ஒன்று விம்மோடு சேர்ந்தே வருகின்றது. ஒருங்குறிக்கு ஒன்று வேண்டுமானால், இடப்பக்கம் ஆங்கில விசையும் வலப்பக்கம் தமிழ் எழுத்துமாக இரண்டு நிரல்கள் கொண்ட கோப்பை எவரும் ஓர் இரவில் எழுதிவிடலாம். யாழ்ப்பாணத்திலே பிறந்து, சிங்கப்பூரிலும் மலாயாவிலும் வாழ்ந்து, தமிழுக்குத் தட்டச்சுப் பொறி தந்த ஆர். முத்தையாவின் ஊரிலிருந்து வந்தவர்கள், இரண்டு நிரல் கோப்புக்கு அஞ்சலாமா? புள்ளியை முதலில் தட்டினால் உருளை நகராமல் காத்து நிற்கும். அடுத்துத் தட்டும் எழுத்தின் தலையில் புள்ளி அமரும். இதுவே தமிழ்த் தட்டச்சின் நகரா விசை. ஒரு விசையின் பொருள் அதற்கு அடுத்த விசையால் நிறைவு பெறும் என்ற எண்ணம் நமக்குப் புதிதல்லவே.

இப்போது மிக முக்கியமான இரண்டு விசைகள்: 'ஜி, ஏ'. கர்சர் நிற்கும் எழுத்து எந்தெந்தக் குறிகளால் ஆனது என்பதனை எண்களோடு காட்டும் கட்டளை இது. "கௌரி" என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். முறையாக எழுதினால் க என்ற எழுத்து 2965, ஔகாரக் குறி 3020. ஆனால் நமது தட்டச்சாளர்கள் பலர் க, அதன்மேல் எகரக் கொம்பு 3014, அதன்பின் தனியாக ளகரம் 2995 என்று அடித்துவிடுகின்றார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கணனிக்கோ ஒன்று "கௌரி", மற்றையது "கெளரி" என்ற வேறு பெயர். ஒகரக் குறியை 3018 என்று ஒரே குறியாகவும் அடிக்கலாம். 3014, 3006 என்று இரண்டு துண்டுகளாகவும் அடிக்கலாம். இவ்விரண்டும் சமம் என்று ஒருங்குறித் தரம் சொல்கின்றது; எல்லா மென்பொருள்களும் அதனை மதிப்பதில்லை. இந்த நாட்டின் பெயரின் முன்னே வரும் "ஸ்ரீ" கூட 2998ஆம் எழுத்தைக் கொண்டு ஒரு விதமாகவும் 3000ஆம் எழுத்தைக் கொண்டு இன்னொரு விதமாகவும் எழுதப்படுகின்றது. ஒன்றைத் தேடினால் மற்றையது அகப்படும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இது வெறும் எழுத்துப்பிழை விவகாரம் என்று நினைக்கின்றீர்களா? மரண அறிவித்தல் பக்கத்தை எண்ணிப் பாருங்கள். உலகெங்கும் சிதறிப்போன ஒரு சமூகத்துக்கு அந்தப் பக்கம் எத்தகைய ஆவணம் என்பதனை நான் சொல்லத் தேவையில்லை. யார் யாருடைய மகள், எந்த ஊர், எந்த நாட்டில் வாழ்ந்தார், சகோதரர்கள் எங்கெங்கே இருக்கின்றார்கள் என்ற விபரங்கள் வேறெங்கும் பதிவாகாமல் அங்கே மாத்திரம் இருக்கின்றன. ஐம்பது வருடங்களின் பின்னர் ரொறன்ரோவிலோ மெல்பேர்னிலோ இருக்கும் பேரப்பிள்ளை ஒருத்தி தன் பாட்டியின் பெயரைத் தேடுவாள். "கௌரி" என்று சரியாகத்தான் தேடுவாள். நாம் தவறாக அடித்து வைத்திருப்போம். பாட்டி அகப்படமாட்டாள். எரியவில்லை, அழியவில்லை, களவு போகவில்லை. இருந்தும் இல்லாமற் போய்விட்டாள். இந்த மோசத்தைப் பார்க்க இரண்டு விசைகள் போதும். பார்ப்பதற்கு நமக்கு மனம் இல்லை.

பாமினி எழுத்துருக் காலத்தின் கதை இதனிலும் பெரிது. அந்தக் கோப்புகளில் "அம்மா" என்பது உண்மையில் தமிழே அன்று. 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்ற ஐந்து ஆங்கில விசைக்குறிகள். எழுத்துரு என்னும் முகமூடியைக் கழற்றினால் அதுதான் எஞ்சும். முகமூடியை மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். உரையை வெறும் உரையாகவே காட்டும் தொகுப்பியில் பழகியவன் முதல் நாளிலேயே இதனைக் கண்டிருப்பான்.

தேடுதலில் இன்னொரு வசதியும் உண்டு. தேடும் சொல்லோடு பின்சாய்கோட்டையும் பெரிய 'இசட்' எழுத்தையும் சேர்த்தால், விம் மேலேறிய குறிகளை எல்லாம் புறக்கணித்து அடிப்படை எழுத்துகளை மாத்திரம் ஒப்பிடும். எபிரேயத்துக்கும் அரபுக்கும் பயன்படும் என்றுதான் அதன் உதவிக் குறிப்பு சொல்கின்றது. தமிழுக்கு அது கிடைத்தற்கரிய வரம். "சந்தேகநபர்" என்று தேடினால் "சந்தேகநபரை", "சந்தேகநபருக்கு", "சந்தேகநபரின்" எல்லாம் அகப்படும். சாதாரணத் தேடலில் ரகர ஒற்றும் 'ரை'யும் வேறு வேறு என்பதால் அவை தப்பிவிடும். "கடல்" என்று தேடினால் "குடல்", "கூடல்" என்பனவும் சேர்ந்து வரும் என்பது உண்மை. வலை விரித்தவன் குப்பையையும் சேர்த்துத்தான் இழுப்பான். பொறுக்கி எடுப்பது அவன் வேலை.

எதிர்வாதங்களுக்குப் பதில் சொல்லாமல் போவது நேர்மையாகாது.

முதலாவது வாதம் மதிப்புக்குரியது. சீரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ரோ ஆய்வுகூடத்தில் பணியாற்றிய லரி ரெஸ்லர், வெட்டி ஒட்டும் முறையை நமக்குத் தந்தவர்களுள் முதன்மையானவர். 2020ஆம் ஆண்டு காலமான அவர், ஒரே விசைக்கு நிலைக்கு நிலை வேறு பொருள் இருப்பதைத் தம் வாழ்நாள் முழுதும் எதிர்த்தார். "நிலைகள் வேண்டாம்" என்ற பொருள்படும் ஆங்கில வாசகத்தைத் தமது காரின் இலக்கத்தகட்டிலேயே பொறித்திருந்தார். முதன்முதலாகக் கணனியைத் தொடுபவருக்கு அவர் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் நாம் முதன்முதலாகத் தொடுபவர்களா? நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம், முப்பது வருடம், உரையோடு மல்லுக்கட்டுகின்றவர்கள். முச்சக்கர சைக்கிள் விழாது என்பதற்காகக் கடைசிவரை அதிலேயே வேலைக்குப் போகின்றவர் உண்டா?

இரண்டாவது வாதம், விம்மில் தமிழ் அழகாகத் தோன்றுவதில்லை என்பது. ஒப்புக்கொள்கின்றேன். ஒரே அளவான கட்டங்களுக்குள் எழுத்துகளை அடைக்கும் முறைமை தமிழுக்குப் பொருந்தவே பொருந்தாது. பல முனையங்களில் கொம்புகளும் கால்களும் இடம்மாறித் தெரியும். ஆயினும் இலக்கணம் வேறு, அது குடியிருக்கும் வீடு வேறு. ஒப்சிடியன் போன்ற குறிப்பேட்டுச் செயலிகளிலும் விஷுவல் ஸ்ரூடியோ கோட் போன்ற தொகுப்பிகளிலும் விம் விசைமுறையை இயக்கிக்கொள்ளலாம். அங்கே தமிழ் ஒழுங்காகவே தெரியும். நான் வலியுறுத்துவது இலக்கணத்தை.

மூன்றாவது வாதம் இன்றைய வாதம். "செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் திருத்தித் தரும்போது இந்த விசைகளைக் கட்டி அழுவதேன்?" என்கின்றார்கள். மிக நன்று. அது உங்கள் கட்டுரையைத் திருத்தித் தந்தது. எதனைத் திருத்தியது? எந்தப் பெயரில் எந்தக் குறியை மாற்றியது? மேற்கோளுக்குள் இருந்த, ஒருவர் உண்மையாகவே சொன்ன வார்த்தையை அது "அழகுபடுத்தி" இருந்தால் உங்களால் கண்டுபிடிக்க முடியுமா? பொறி பலமடைய அடைய, அதன் வேலையை வரிவரியாகச் சரிபார்க்கத் தெரிந்த மனிதனின் தேவை கூடுமே தவிரக் குறையாது. ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக்கோப்பாளர்களின் வேலையை நான் பார்த்திருக்கின்றேன். எந்த அறையில் எந்த எழுத்து இருக்கின்றது என்று அவர்களுடைய விரல்களுக்குத் தெரியும். தலைகீழாக, இடவல மாற்றமாகக் கோத்த வரியைத் தடையின்றி வாசிப்பார்கள். தங்களுடைய கருவியின் உள்ளும் புறமும் அறிந்திருந்தவர்கள். அவர்களுக்குப் பெரிய படிப்பு இருக்கவில்லை. பட்டம் பெற்ற நமக்கோ, திரையில் தெரியும் "கௌ" ஓர் எழுத்தா இரண்டா என்று கேட்டால் விடை தெரியாது.

ஆகவே கேட்கின்றேன். நமது ஊடகக் கற்கைநெறிகளில் செய்தியின் தலைப்பந்தி எப்படி இருக்க வேண்டும் என்று கற்பிக்கின்றார்கள். பேட்டி காண்பதைக் கற்பிக்கின்றார்கள். அண்மைக்காலமாகக் கைத்தொலைபேசியில் காணொளி வெட்டுவதையும் கற்பிக்கின்றார்கள். நாள்முழுவதும் கையாளப்போகும் தமிழ் எழுத்தின் குறிமுறையையும், உரையை உரையாகத் திருத்தும் முறையையும் பாடமாக வைத்தால் என்ன? ஒரு வாரப் பயிற்சி போதும். முதல் இரண்டு நாட்கள் எரிச்சல் வரும். மூன்றாம் நாள் வினையும் பெயரும் கைக்கு வரும். ஐந்தாம் நாள் எலி மேசையின் ஓரத்தில் கிடக்கும்.

விம்மைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று நான் சட்டம் போடவில்லை. எந்தக் கருவியானாலும் அதன் இலக்கணத்தை அறிந்து பயன்படுத்துங்கள் என்பதே எனது கோரிக்கை. குறைந்தபட்சம் இதையாவது செய்யுங்கள்: அடுத்த மரண அறிவித்தலை அச்சுக்கு அனுப்ப முன்னர், அந்தப் பெயரின் மேல் கர்சரை வைத்து 'ஜி, ஏ' அழுத்திப் பாருங்கள். இறந்தவருக்குச் செய்யும் கடைசி மரியாதை, அவரது பெயரைத் தேடினால் அகப்படும்படி எழுதி வைப்பதாகும்.